கனத்த அம்பு ஜெயித்த சேதி

வைரோக்வா, விஸ்கான்சின்
நவம்பர் 12

மரியாதைக்குரிய டேரல் அத்தானுக்கு,

உங்கள் மைத்துனி ராக்ஸான் வணக்கத்துடன் எழுதுவது. விசிட்டாவில் நீங்களும் கொலீன் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்காலும் அக்காவின் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சௌக்கியம். என் வீட்டுக்காரர் கோர்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சௌக்கியம். இந்தச் சேதியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது. அதனால்தான் கடிதம். நிதானமாக உட்கார்ந்து, முடிந்தால் அக்காவுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படியுங்கள்.

போன வருஷம் நன்றி நாள் விருந்தில், என் வீட்டு மேஜையில், நான் விடியற்காலையில் எழுந்து வாட்டிய வான்கோழியின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. "அம்பு நல்ல அம்புதான் ராக்ஸி. உனக்குத் தோள் போச்சு, அதை ஒத்துக்கோ. பேசாம ஒரு குறுக்குவில் வாங்கி மடியில வச்சுக்கிட்டு உக்காரு" என்றீர்கள். மேஜையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கோர்டியும் சிரித்தார். கேட்டால் கிரான்பெர்ரி தொண்டையில் மாட்டிக்கொண்டது என்றார். இருபத்தெட்டு வருஷம் தபால் வண்டியிலிருந்து கையை நீட்டி நீட்டி, இந்த மாவட்டத்து மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கிற ஒவ்வொரு பெட்டியிலும் கடிதம் போட்டுத் தேய்ந்த தோள் அத்தான் இது. அறுவைசிகிச்சைக்குப் பிறகு டாக்டர் நாற்பத்திரண்டு பவுண்டு இழுவைக்கு மேல் வில்லைத் தொடாதே என்றார். சரி என்றேன். அந்த வில்லுக்கென்று என் பிறந்த நாளுக்கு நீங்கள் அனுப்பிய பரிசுதான் அந்த இறகு போன்ற அம்புகளும், பட்டவுடன் குடை மாதிரி விரிகிற அந்த முனைகளும். வேகம்தான் எல்லாம், லேசான அம்பு நேர்கோட்டில் பறக்கும், முனை இரண்டு அங்குலத்துக்கு விரிந்து கிழிக்கும் என்று கூடவே ஒரு பிரசங்கமும் வந்தது. நான் நம்பினேன். அக்கா கட்டிக்கொண்ட மனிதராயிற்றே என்று நம்பினேன்.

அந்த விருந்துக்கு முந்தின மாதம், அக்டோபரில், என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பெட்டை மான் ஒன்று, நான் மரத்தில் உட்கார்ந்திருந்த பரணுக்குப் பக்கத்தில், நம் வீட்டுக் கூடத்தின் நீளம் கூட இல்லாத தூரத்தில் நின்றது. விட்டேன். அம்பு கொஞ்சம் முன்னே போய்த் தோள்பட்டை எலும்பில் பட்டது. முனை விரிந்தது, விரிந்ததோடு சரி. உள்ளே போகாமல் தொங்கி, மான் நாலு தாவு தாவியதும் அம்பு கீழே விழுந்துவிட்டது. நானும் கோர்டியும் அன்று பகல் முழுவதும் ஓக் சருகுக்குள் தவழ்ந்து தேடினோம். அங்கொரு சொட்டு, இங்கொரு சொட்டு, பிறகு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. சில வாரம் கழித்து அதே மான் தோளில் தழும்போடு என் தோட்டத்துக்கு வந்து, நான் ஆசையாக வைத்த செடிகளை வேரோடு மேய்ந்துவிட்டு, ஜன்னல் வழியாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. பிழைத்துக்கொண்டதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வில்லைத் தொட மனம் வரவில்லை. அரைகுறையாக வேலை செய்கிற ஒன்றை உயிருள்ள பிராணியின் மேல் விடக்கூடாது. ஒன்று இதைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் வில்லை விற்றுவிட வேண்டும். அப்படி முடிவு பண்ணிக்கொண்டுதான் விருந்தில் உங்களிடம் யோசனை கேட்டேன். வான்கோழிக் காலோடு நீங்கள் சொன்ன யோசனைதான் மேலே எழுதியது.

பனி உருகினதும் ஒனலாஸ்காவில் வில் கடை வைத்திருக்கிற யெங் மூவாவிடம் போனேன். யெங், லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் இனத்துப் பெண், என்னைவிட இருபது வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிட இருபது வயது பெரியது. கடைச் சுவர் முழுக்க அவள் அடித்த மான்களின் கொம்புகள். எதைக் கேட்டாலும் அதில் ஒன்றைக் காட்டித்தான் பதில் சொல்வாள். உங்கள் அம்பை மேஜை மேல் வைத்தேன். இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, இது பல் குத்தவா என்று கேட்டாள். அத்தான் கொடுத்தது என்றேன். அத்தான் எத்தனை பவுண்டு வில் இழுப்பார் என்றாள். எழுபது என்றேன்.

"அப்ப அவருக்கு எது வேணும்னாலும் உள்ள போகும் அக்கா. அம்பு நுனியில கரண்டியக் கட்டி விட்டாக்கூடப் போகும். உங்களுது நாப்பத்திரெண்டு. அந்த முனை விரியறதுக்கே பாதி பலத்தைத் தின்னுடும். மீதியில மானுக்கு என்ன குடுப்பீங்க?"

இதை இன்னொரு தடவை படியுங்கள் அத்தான். நான் காத்திருக்கிறேன்.

அவள் எனக்குக் கட்டிக் கொடுத்தது வேறு ரகம். தடிமனான தண்டு, நுனிக்குள் பித்தளைக் குமிழ், அதன் மேல் விரியாத, அசையாத, இரண்டே அலகு கொண்ட முனை. பட்ட நொடியிலேயே வெட்ட ஆரம்பிக்கும். திறப்பது, மடக்குவது என்ற வேலையே கிடையாது. மொத்தம் நானூற்றுத் தொண்ணூறு கிரெய்ன் எடை. உங்கள் அம்பு முந்நூற்று நாற்பது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பென்சில், ஒன்று ஆயுதம். வேகம் குறையுமே என்று நீங்கள் காதில் ஓதினதையே நானும் ஓதினேன். குறையும், அதனால் தூரத்தில் எய்யாதே, பக்கத்தில் வரவிடு, பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் வேகம் என்றாள். அங்கேயே அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவள் அதற்குள் அடுத்த கொம்பின் கதைக்குப் போய்விட்டாள்.

இதற்குப் பிறகுதான் வீட்டில் சோதனைக் காலம். கனத்த அம்பு சீக்கிரம் தாழும் என்று யெங் சொன்னது எனக்குத் தெரியும், என் கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய அம்புக்கு வைத்த குறியிலேயே வைத்து முப்பது கெஜத்திலிருந்து விட்டேன். அது பஞ்சு இலக்குக்கு அடியில் நுழைந்து, பின்னால் இருக்கிற கொட்டகைக் கதவில் போய் நின்றது. கதவில் சின்ன வெட்டுதானே என்று அம்பைப் பிடுங்கி, வெட்டின் மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டேன். கதவுக்கு உள்பக்கம் கோர்டியின் ரப்பர் கால்சட்டை தொங்கியது எனக்கு எப்படித் தெரியும்? மீன் பிடிக்க நெஞ்சு வரைக்கும் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவாரே, அதுதான். அடுத்த சனிக்கிழமை அவர் அதைப் போட்டுக்கொண்டு கிக்கபூ ஆற்றில் இறங்கியிருக்கிறார். ஏப்ரல் மாதத் தண்ணீர். இரண்டு கால்களிலும் ஒரே உயரத்தில், சுத்தமாக, கத்தி வைத்து வெட்டினது போல ஓட்டை. மனிதர் கரையேறி வரும்போது ஒவ்வொரு காலிலும் ஒரு வாளித் தண்ணீர். உதடு ஊதா நிறம். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அதுவரைக்கும் உங்கள் கட்சியில் இருந்த கோர்டி கொட்டகைக்குப் போய்க் கதவை வெளியிலிருந்து பார்த்தார், உள்ளிருந்து பார்த்தார், கால்சட்டையைத் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். அப்புறம் ஈரத்தோடு நின்றுகொண்டே, "பலகை, இந்தக் காலு, அந்தக் காலு, மூணுமா?" என்றார். மூணும்தான் என்றேன். அன்றைக்குக் கட்சி மாறினவர் அத்தான், இன்னும் திரும்பவில்லை.

பிறகு முனையைத் தீட்டினேன். உங்கள் விரியும் முனைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தால் போதும். இதைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கைமயிர் உதிரும் அளவுக்குக் கூராக்க வேண்டும். அடுக்களை மேஜையில் உட்கார்ந்து தேய்த்தேன். கூராகிவிட்டதா என்ற சந்தேகம் என் கட்டைவிரலில் தீர்ந்தது. நாலு தையல். ரத்தம் தெறித்தது அடுப்பில் சுட்டுப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு ஹாட் டிஷ் தட்டில். மாதா கோயிலில் மறுநாள் ஒரு துக்கத்துச் சாப்பாடு இருந்தது, அதற்காகச் செய்தது. தூக்கிக் கொட்ட வேண்டியதாயிற்று. கோர்டி என் விரலைப் பார்த்து இரண்டு தடவையும் குப்பைத் தொட்டியைப் பார்த்து ஏழெட்டுத் தடவையும் பெருமூச்சு விட்டார். அதோடு முடிந்ததா? முனை கூரானதும் அம்பு ஒவ்வொன்றும் இடது பக்கமாகவே ஓட ஆரம்பித்தது. பயிற்சி முனை போட்டால் நடு மையம், வேட்டை முனை போட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் வேலி. கோடை முழுக்க நான் தூங்கவில்லை. நீங்கள் விசிட்டாவில் சிரிக்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. கடைசியில் மறுபடியும் யெங்கிடம் போய் நின்றேன். ஒரு காகிதத்தைச் சட்டத்தில் மாட்டி அதன் வழியே எய்யச் சொன்னாள். காகிதம் குறுக்கே கிழிந்தது. அம்பு மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கமாகப் போகிறது என்று காட்டினாள்.

"எடை ஒண்ணும் மந்திரம் இல்ல அக்கா. கோணலாப் போற அம்பு எவ்ளோ கனமா இருந்தாலும் கோணல்தான்" என்று சொல்லி, வில்லில் அம்பு படுக்கிற தாங்கியை ஒரு மயிரிழை நகர்த்தினாள். மறுபடி எய்தேன். காகிதத்தில் ஒரே துளை, வட்டமாக. அதற்குப் பிறகு வேட்டை முனையும் பயிற்சி முனையும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழுந்தன. கடையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர் வெறும் நாண் வாங்க வந்தவர். அவருக்கும் காட்டினேன்.

இப்போது கேளுங்கள். நவம்பர் ஏழாம் தேதி. ஆண் மான்கள் புத்தி கெட்டுப் பெட்டைகளின் பின்னால் சுற்றுகிற வாரம். விடியுமுன் மேட்டுக் காட்டுப் பரணில் ஏறி, மரத்தோடு வாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே அறுத்த சோளக்காடு, முதல் உறைபனி, காற்று முகத்துக்கு நேராக. எல்லாம் சரியாக இருந்ததால் எனக்குப் பயம் வந்தது. பயந்த மாதிரியே காப்பிக் குடுவை மடியிலிருந்து நழுவி, ஏணியின் ஒவ்வொரு படியிலும் மணி அடித்துக்கொண்டு கீழே போய் விழுந்தது. இந்த மாவட்டத்தில் காது உள்ள மான் அத்தனையும் ஓடியிருக்கும். சரி, இறங்கி வீட்டுக்குப் போய் அப்பமாவது சுடலாம் என்று வாரை அவிழ்க்கக் கை வைத்தேன். அப்போதுதான் சருகுச் சத்தம் கேட்டது. ஒரு பெட்டை மான் ஓடி வந்து என் பரணுக்குக் கீழேயே கடந்து போனது. அதன் பின்னால், பன்றி மாதிரி உறுமிக்கொண்டு, கழுத்து வீங்கி, எட்டுக் கிளைக் கொம்போடு அவன் வந்தான்.

அத்தான், அந்த நேரம் எனக்கு உங்கள் ஞாபகமே வரவில்லை. போன வருஷத்துப் பெட்டையின் ஞாபகம்தான் வந்தது. கை நடுங்கினால் விடமாட்டேன், எலும்பு குறுக்கே இருந்தால் விடமாட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவன் நின்றான், ஆனால் நேர் எதிரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றான். விடவில்லை. வில்லை இழுத்த நிலையில் தோள் எரிய ஆரம்பித்தது. நாற்பத்திரண்டு பவுண்டுதான் என்று நீங்கள் சிரித்த அந்த வில் என்பதால்தான் அவ்வளவு நேரம் பிடிக்க முடிந்தது. பெட்டை மான் பள்ளத்தில் இறங்கியது. அவன் அதைப் பார்க்கத் திரும்பினான். விலா எனக்குச் சாய்வாகத் தெரிந்தது. பதினேழு கெஜம் இருக்கும். விட்டேன். வில் சத்தமே போடவில்லை, கனத்த அம்புக்கு அது ஒரு குணம். ஒரு முழுத் தர்பூசணியைத் தட்டினால் கேட்குமே, அப்படி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவன் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்றான். என்ன நடந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தான். நாலைந்து அடி நடந்தான், குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தான், படுத்துவிட்டான். அவ்வளவுதான். அம்பு அவனுக்கு அந்தப் பக்கம் தரையில் சாய்வாகக் குத்தி நின்றது. ஒரு விலாவில் நுழைந்து மறு விலாவில் வெளியேறி, அதற்கப்புறமும் மண்ணைத் துளைக்கப் பலம் மீதி இருந்திருக்கிறது.

வாரை அவிழ்த்து ஏணியில் இறங்கினேன். பிறகு போய் அவன் கழுத்தில் கை வைத்து உட்கார்ந்தேன். உடம்பு சூடாக இருந்தது. நன்றி சொன்னேன், அழுதேன். அவன் கஷ்டப்படவில்லை. ஒரு வருஷமாக என் நெஞ்சில் கிடந்த கல் அங்கே இறங்கியது. இதைப் படித்துச் சிரித்தீர்களானால் இனி என் வீட்டில் உங்களுக்குக் குழம்பு ஊற்றமாட்டேன்.

கோர்டியைக் கூப்பிட்டேன். அவர் வந்து மானைப் பார்த்து, அம்பைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார். எனக்காகவா மானுக்காகவா என்று நான் கேட்கவில்லை. இறக்கம்தானே, சுலபம் என்று கொம்பில் கயிற்றைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். உறைபனிப் புல்லில் மான் அவரைவிட வேகமாக இறங்க ஆசைப்பட்டது. முதலில் மான் கோர்டியை முந்தியது, பிறகு கயிறு கோர்டியை இழுத்தது, பிறகு இருவருமாகச் சேர்ந்து சோளக்காடு வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மானுக்கு அதில் ஒரு கீறல் கூட இல்லை. கோர்டியின் இடுப்பு விவரம் முதலிலேயே எழுதிவிட்டேன். அன்று மத்தியானம் இதயத்தை மெல்லியதாக அரிந்து வெண்ணெயிலும் வெங்காயத்திலும் வதக்கி, அவருக்குப் படுக்கையிலேயே கொடுத்தேன். தட்டை வழித்துவிட்டு, பிராந்தியும் ஒரு கிளாஸ் கேட்டார். அன்று அவருக்கு நான் எதையும் மறுக்கிற மனநிலையில் இல்லை. ஊரில் தெரியாதவர் கிடையாது. தபால் நிலையத்தில் என் இடத்துக்கு வந்த பெண் வண்டியை நிறுத்தி என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். யெங் தன் சுவரில் ஓரிடத்தைக் காலி பண்ணி, என்னுடைய படத்தை மாட்டியிருக்கிறாள். அவள் மானுக்குப் பக்கத்தில், அதைவிடக் கொஞ்சம் கீழே.

ஆகவே அத்தான், இந்த மாதக் கடைசியில் நன்றி நாளுக்கு நீங்கள் வழக்கம்போல வருவீர்கள். மேஜையின் நடுவே இந்த முறை வான்கோழி கிடையாது, என் மானின் முதுகுக்கறி. உங்கள் நாற்காலி எனக்கு நேர் எதிரே. மன்னிப்பெல்லாம் வேண்டாம், நான் அப்படிப்பட்டவள் இல்லை. பிரார்த்தனை முடிந்து, குழம்புச் சட்டி கைமாறுமுன், எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, "எடைதான் சரி, வேகம் இல்லை. முனை அசையக்கூடாது, விரியக்கூடாது. ராக்ஸான் சொன்னதே சரி" என்று மூன்றே வாக்கியம் சொன்னால் போதும். எழுத்தில் வேண்டுமானால் இங்கேயே கொடுத்துவிட்டேன், வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் அக்காவுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். வழியில் பனி இருக்கும், பார்த்து ஓட்டுங்கள். கோர்டி படுத்தபடியே வணக்கம் சொல்லச் சொன்னார்.

வெற்றியோடும் அதற்குக் கொஞ்சம் குறைந்த பணிவோடும்,
உங்கள் மைத்துனி
ராக்ஸான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கொலீன் அக்கா போன் பண்ணினாள். நான் ஜெயித்த கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் அவள் ஒரு மாதிரியாக இருமினாள். "நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதடி. செப்டம்பர்ல கொலராடோவுல ஒரு எல்க் மான் அவரோட அம்பைத் தோள்ல வாங்கி, ஈ உக்காந்த மாதிரி உதறிட்டுப் போயிருச்சு. அன்னியிலேருந்து மனுஷன் கனத்த அம்புக் கட்சி. முனையும் அசையாத முனைதான். இப்ப அறுநூத்தம்பது கிரெய்ன். உன்னுது எவ்ளோன்னு கேட்டாரு, நீ முன்னாடி போன்ல சொன்ன நானூத்தித் தொண்ணூறைச் சொன்னேன். பாவம், முயல் பிடிக்கலாம்னு சிரிக்கிறாரு" என்றாள். ஆகவே மேலே எழுதினது எதையும் நீங்கள் படிக்க வேண்டாம், அந்த மூன்று வாக்கியத்தையும் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள் அத்தான். அறுநூற்றைம்பது என்பது அம்பா, கடப்பாரையா? ஒரு அம்பு என்றால் அதற்குக் கொஞ்சமாவது வேகம் வேண்டாமா?